மூடுபனிக் கரைக்கு மூட்டை கட்டுவோர்க்கு

கோடை என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர் மனத்தில் எழும் சித்திரம் ஒன்றே. கொளுத்தும் வெயில், வறண்ட தொண்டை, விசிறி, மோர், மெல்லிய வேட்டி. பிறந்தது முதல் பழகிய இந்தச் சித்திரத்தைக் கடல் கடந்து போகிறவரும் கூடவே எடுத்துச் செல்கிறார். அப்படிப் போகிறவரை ஏமாற்றுவதற்கென்றே அமைந்தது போன்ற ஒரு கடற்கரை அமெரிக்காவில் இருக்கிறது. ஜூலை மாத நடுப்பகலில் அங்கே பல் கிட்டும். ஆகஸ்டு மாதக் காலையில் பத்தடி தூரத்தில் நிற்கிற துணைவரின் முகம் தெரியாது.

கலிபோர்னியா மாநிலத்தின் வடகோடியை ஒட்டிய ‘லாஸ்ட் கோஸ்ட்’, அதாவது ‘தொலைந்த கரை’ என்பதே அது. மலை நேராகக் கடலில் இறங்குகிற இடம். 4,088 அடி உயரமுள்ள கிங் சிகரம் அலையடிக்கும் கரையிலிருந்து ஏறக்குறைய மூன்றே மைலில் நிற்கிறது. இதைக் குடைந்து சாலை போடுவது ஆகாத காரியம் என்று கண்டு, கடலோர நெடுஞ்சாலையை உள்நாட்டுப் பக்கமாகத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். கரை தனித்து நின்றது. 1970ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் இதைப் பாதுகாக்கப்பட்ட பிரதேசமாக அறிவித்தது. இன்று மட்டோல் ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து ஷெல்டர் கோவ் என்னும் சிற்றூர் வரை சுமார் 25 மைல் தூரத்தை, முதுகில் மூட்டையைச் சுமந்துகொண்டு, இரவில் கூடாரம் அடித்துத் தங்கி, மூன்று நான்கு நாட்களில் நடந்து கடக்கிறார்கள். முன்கூட்டியே அனுமதிச் சீட்டு பெறவேண்டும். கோடைக்கான சீட்டுகளுக்குப் பெரும் போட்டி.

ஸான்பிரான்ஸிஸ்கோ வட்டாரத்தில் கணிப்பொறித் தொழிலில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல. அங்கிருந்து ஒரு பகல் மோட்டார்ப் பயணத்தில் எட்டிவிடும் கரை இது. ஆகவே, ‘என்ன எடுத்துப் போவது? எதை விட்டுப் போவது?’ என்ற கேள்வி நம்மவர் வீடுகளிலும் எழக்கூடியதே. இதற்குக் கடைக்காரர் சொல்லும் விடை ஒன்று. நண்பர் சொல்லும் விடை மற்றொன்று. கடலும் பனியும் சொல்லும் விடையே முடிவானது.

பனி எங்கிருந்து வருகிறது?

சாமானைத் தேர்ந்தெடுக்கும் முன் பகைவனின் குணத்தை அறிந்துகொள்ள வேண்டும். கோடையில் பஸிபிக் சமுத்திரத்தின்மீது ஓர் உயர் அழுத்தப் பகுதி நிலைகொள்கிறது. அதனால் வடமேற்குக் காற்று கரையை ஒட்டியபடி ஓயாமல் வீசுகிறது. இந்தக் காற்றும் பூமியின் சுழற்சியும் சேர்ந்து, மேலே உள்ள நீரைக் கரையிலிருந்து விலக்கித் தள்ளுகின்றன. அவ்விடத்தை நிரப்ப ஆழத்திலுள்ள குளிர்ந்த நீர் மேலே வருகிறது. ஆகவே, கோடையிலும் அங்கே கடல்நீரின் வெப்பம் பத்துப் பன்னிரண்டு டிகிரி அளவில்தான் இருக்கும். நம் ஊர்க் கடலில் குளிப்பதுபோல் அதில் இறங்கினால் மூச்சு நின்றுவிடும் போலிருக்கும்.

சமுத்திரத்தின்மீது தவழ்ந்து வரும் ஈரக் காற்று இந்தக் குளிர்நீரைத் தொட்டவுடன் மூடுபனியாகிறது. உள்நாட்டுச் சமவெளியோ அதே வேளையில் 38 டிகிரிக்கு மேல் கொதிக்கிறது. அங்கே சூடான காற்று மேலெழ, கடற்பக்கத்துப் பனி உள்ளே இழுக்கப்படுகிறது. உள்நாட்டில் வெயில் ஏற ஏறக் கரையில் பனி கெட்டிப்படுகிறது என்றே சொல்லலாம். ஊரில் வியர்த்து வழிந்துகொண்டு மூட்டை கட்டுகிறவர், கம்பளிச் சட்டையை எடுத்து வெளியே வைத்துவிடுவதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. பனி ஒரு மூடியைப்போல் தாழ்வாகவே படர்ந்திருக்கும். கரையில் நடுங்கிக்கொண்டிருப்பவர் மலைப்பாதையில் ஓரிரண்டாயிரம் அடி ஏறினால், நீல வானமும் சுட்டெரிக்கும் வெயிலும் அவரை வரவேற்கலாம். காலையில் கம்பளித் தொப்பி, பிற்பகலில் வெயில் தொப்பி. இரண்டும் ஒரே நாளில் தேவைப்படும் இடம் இது.

ஒரு கப்பலின் கதை

இந்தக் கோடைப் பனி விளையாட்டல்ல என்பதற்குச் சரித்திரச் சான்று உண்டு. 1907ஆம் ஆண்டு ஜூலை மாதம் ‘கொலம்பியா’ என்ற பயணிக் கப்பல் ஸான்பிரான்ஸிஸ்கோவிலிருந்து வடக்கே போர்ட்லண்டு நகருக்குப் போய்க்கொண்டிருந்தது. எடிஸனின் மின்விளக்குகளை முதன்முதலாக ஏற்றிக்கொண்ட கப்பல் என்ற பெருமை அதற்கு உண்டு. ஷெல்டர் கோவுக்கு எதிரே, நள்ளிரவு தாண்டிய நேரத்தில், பனிக்குள்ளிருந்து மரம் ஏற்றிய ‘ஸான் பெட்ரோ’ என்ற கப்பல் திடீரென்று தோன்றி மோதியது. கொலம்பியா சில நிமிடங்களில் மூழ்கிவிட்டது. எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அது நடுக்கோடை என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

பல கப்பல்களை விழுங்கிய இந்தக் கரையில், புன்டா கோர்டா என்ற முனையில், 1912இல் ஒரு கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்டது. 1951இல் அது மூடப்பட்டது. அந்தச் சிறு கட்டடம் இன்றும் நிற்கிறது. மட்டோலிலிருந்து புறப்படும் நடைப்பயணிகள் முதல் நாளிலேயே அதைக் கடந்து போகிறார்கள். படம் எடுத்துக்கொள்கிற ஒவ்வொருவரும், அது ஏன் அங்கே கட்டப்பட்டது என்பதையும் ஒரு நிமிடம் எண்ணிப் பார்ப்பது நல்லது.

முதல் சாமான் கடையில் இல்லை

மூட்டையில் வைக்கவேண்டிய முதற்பொருள் ஒரு காகிதம். கடலின் ஏற்ற இறக்க நேரங்களைக் குறித்த அட்டவணையே அது.

இந்தப் பாதையில் தலா சுமார் 4 மைல் நீளமுள்ள இரண்டு பகுதிகள் இருக்கின்றன. ஒரு பக்கம் செங்குத்தான பாறைச் சுவர், மறுபக்கம் கடல். ஏற்றத்தின்போது அலை சுவரின் அடியையே வந்து மோதும். நடுவில் அகப்பட்டுக்கொண்டவருக்கு ஏறவும் வழி இல்லை, திரும்பவும் வழி இல்லை. அந்தக் கரையில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். அவை சம அளவில் இருப்பதும் இல்லை. நாளுக்கு நாள் நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது. நேற்றைய நேரத்தை நம்பி இன்று நடப்பவர் உயிரைப் பணயம் வைக்கிறார்.

இங்கேதான் மூட்டையின் பாரம் கணக்கில் வருகிறது. தளர்ந்த மணலிலும் உருளும் கூழாங்கற்களிலும் பெரிய சுமையோடு மணிக்கு ஒரு மைல் நடந்தால் நாலு மைலுக்கு நாலு மணி நேரம் ஆகும். பாரம் குறைந்து மணிக்கு ஒன்றரை மைல் நடக்க முடிந்தால் இரண்டே முக்கால் மணிக்குள் முடிந்துவிடும். கடல் விட்டுக்கொடுக்கும் நேரமே சில மணிதான் என்னும்போது, இந்த ஒன்றேகால் மணி நேர வித்தியாசம் சாமானியமானதல்ல. தேவையற்ற ஒரு நாற்காலியும் இரண்டாவது பாத்திரமும் முதுகை மட்டும் வருத்துவதில்லை; கடல் திரும்பும் நேரத்துக்கும் நடப்பவரை நெருக்கிக்கொண்டு போகின்றன.

பாரம் குறைப்போர் வாதம்

பாரத்தைக் குறைக்கவேண்டும் என்ற இயக்கம் அமெரிக்காவில் சில பத்தாண்டுகளாக வலுப்பெற்றிருக்கிறது. பல்தேய்க்கும் பிரஷின் கைப்பிடியை அறுத்து எறிந்துவிட்டுப் போகும் அளவுக்குத் தீவிரமானவர்களும் உண்டு. இவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் பெயர் எம்மா கேட்வுட் என்ற மூதாட்டியுடையது. பதினொரு பிள்ளைகளைப் பெற்ற அந்த ஒஹையோ மாநிலத்து அம்மாள், 1955ஆம் ஆண்டில், தமது 67ஆவது வயதில், இரண்டாயிரம் மைலுக்கு மேற்பட்ட அப்பலாச்சியன் பாதையைத் தன்னந்தனியாக நடந்து முடித்தார். கையால் தைத்த ஒரு துணிப்பை, ஒரு போர்வை, மழைக்குக் குளியலறைத் திரைச்சீலை, காலில் சாதாரணக் கான்வாஸ் ஷூ. அவ்வளவுதான் அவரது சாமான்.

கேட்கவே மலைப்பாக இருக்கிறது. ஆனால், கதையின் முன்பகுதியைப் பலர் சொல்வதில்லை. 1954இல் அவர் முதன்முறை முயன்றபோது வழி தவறி, மூக்குக்கண்ணாடி உடைந்து, வீடு திரும்ப நேர்ந்தது. அந்தத் தோல்வியிலிருந்து பாடம் கற்றே அடுத்த ஆண்டு போனார். மேலும், அந்தப் பாதை ஊர்களை ஒட்டிச் செல்வது. எத்தனையோ இரவுகளில் வழியிலிருந்த குடும்பங்கள் அவருக்குச் சோறும் படுக்கையும் கொடுத்தன. தொலைந்த கரையில் நனைந்து நடுங்கி நிற்பவர் தட்டுவதற்குக் கதவு கிடைப்பது அரிது. அம்மாளின் துணிச்சலை வணங்கலாம். அவரது திரைச்சீலையை அந்தக் கரைக்கு எடுத்துப் போகலாகாது.

அதற்காக, பாரம் குறைப்போர் சொல்வதெல்லாம் தவறென்று தள்ளிவிடவும் கூடாது. ‘இருந்தால் உதவும்’ என்று வைப்பதை வெளியே எடு. ‘இல்லாவிட்டால் ஆபத்து’ என்பதை உள்ளே வை. இதுவே நடுநிலையான விதி.

உடை

முதல் எதிரி பருத்தி. நம் நாட்டு வெயிலுக்கு அமுதமான பருத்தி அந்தப் பனிக்கு நஞ்சு. மார்கழி மாதத்தில் கொடியில் போட்ட வேட்டி இரண்டு நாளானாலும் ஈரம் போகாமல் தொங்குவதை யார்தான் கண்டதில்லை? அந்த வேட்டியையே உடம்பில் சுற்றிக்கொண்டு காற்றில் நின்றால் எப்படி இருக்கும்? நீர், காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. நனைந்த துணி உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் கை தடுமாறும், பேச்சு குழறும், புத்தி மழுங்கும். இதற்குப் பனிக்கட்டி உறையும் குளிர் வேண்டியதில்லை. பத்து டிகிரியும் ஈரமும் காற்றும் போதும். புத்தி மழுங்கியவர் தமக்கு ஆபத்து நேர்ந்திருப்பதை அறியமாட்டார் என்பதே இதில் கொடுமை.

ஆகவே நீலக் கால்சட்டையும் பருத்திப் பனியனும் வீட்டிலேயே இருக்கட்டும். உடம்பை ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது பாலியஸ்டர். அதன்மேல் ‘ஃப்ளீஸ்’ எனப்படும் பஞ்சுபோன்ற செயற்கைச் சட்டை. எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் மழையும் புகாத கோட்டு. ஏறும்போது கழற்றவும் நிற்கும்போது மாட்டவும் வசதியாக மூன்று அடுக்கு. இரவுக்கென்று ஒரு ஜோடி உலர்ந்த உள்ளுடையும் ஒரு ஜோடி கம்பளிக் காலுறையும் நீர் புகாத பையில் தனியே இருக்கவேண்டும். பகலில் எவ்வளவு நனைந்தாலும் அவற்றைத் தொடுவதில்லை என்று சங்கற்பம் செய்துகொள்வது நலம்.

படுக்கையும் கூடாரமும்

வாத்துத் தூவி அடைத்த படுக்கைப் பை எடை குறைந்தது, வெதுவெதுப்பானது, விலை உயர்ந்தது. ஆனால் ஈரம் பட்டால் தூவி ஒட்டிக்கொண்டு கட்டிதட்டிப் போகும், சூடும் போய்விடும். செயற்கை இழை அடைத்த பை சற்றுக் கனம். நனைந்தாலும் ஓரளவு கதகதப்பு மிஞ்சும். விலையும் குறைவு. வறண்ட உயர்மலைக்குத் தூவிப் பை சிறந்தது. மூன்று நாளும் வெயில் முகம் காணாமல் போகக்கூடிய பனிக் கரைக்கு, புதிதாகப் போகிறவர் செயற்கை இழையைத் தேர்ந்தெடுப்பதே பத்திரம். தூவிப் பைதான் கையில் இருக்கிறது என்றால், ஈரம் அணுகாமல் கட்டிக்காக்கும் பழக்கமும் கூடவே வேண்டும்.

கூடாரத்திலும் இதே கதை. ஒற்றைத் துணிக் கூடாரம் இலேசானதுதான். ஆனால் உள்ளே தூங்குகிறவரின் மூச்சுக் காற்றே துணியில் நீர்த்துளியாகி விடியற்காலையில் முகத்தில் சொட்டும். உள்ளே ஒரு வலைத்துணியும் வெளியே ஒரு மழைத்துணியுமாக இரண்டடுக்குள்ளதே நன்று. குளிருக்குப் பயந்து எல்லா வாயிலையும் மூடிக்கொண்டால் ஈரம் மிகுமே தவிரக் குறையாது. கூடாரத்தோடு வரும் மெல்லிய முளைகள் மணலில் நில்லா. துணிப்பையில் மணலை நிரப்பியோ, கரையில் ஒதுங்கிய கட்டையைக் கயிற்றில் கட்டிப் புதைத்தோ நங்கூரமிட வேண்டும். ஓடைகள் கடலில் சேரும் இடங்களில், அலை எட்டாத மேட்டில் அடிக்க வேண்டும்.

காலும் கையும்

பந்துபோல் உருளும் கற்களின்மீது மைல்கணக்கில் நடக்க வேண்டியிருப்பதால் அடி கெட்டியான, பழகிய பூட்ஸ் அவசியம். புதிய பூட்ஸை முதன்முதலாக அங்கே மாட்டிக்கொள்வது காலுக்குச் செய்யும் துரோகம். நீர் புகாத பூட்ஸ் என்று விளம்பரம் செய்யப்படுபவை ஓடையில் மேல்விளிம்புக்குமேல் நீர் புகுந்துவிட்டால், அந்த நீரை வெளியே விடவும் மறுக்கும். ஊன்றிக்கொள்ள இரண்டு கைத்தடிகள் இருந்தால் வழுக்குப் பாறையில் நான்கு கால் பிராணிபோல் நடக்கலாம்.

தலையில் கட்டும் டார்ச் விளக்கும் தேவை. வசதியான இறக்கம் விடியுமுன்னே வந்தால் இருட்டில் புறப்பட நேரும். ஆனால், பனியில் நெற்றிவிளக்கின் ஒளி வெள்ளைச் சுவரில் பட்டதுபோல் கண்ணுக்கே திரும்பி வரும். அப்போது அதைக் கழற்றி இடுப்பளவில் பிடித்துக்கொண்டால் தரை தெரியும். கைப்பேசித் தொடர்பை அந்தக் கரையில் நம்ப முடியாது. காகிதப் படம் ஒன்றும், குழுவுக்குச் செயற்கைக்கோள்வழிச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றும் இருப்பது அறிவுடைமை.

சோறும் கரடியும்

அங்கே கருங்கரடிகள் உண்டு. உணவையும், பற்பசை போன்ற மணமுள்ள பொருள்களையும் கரடியால் திறக்க முடியாத கெட்டியான டப்பாவில் வைக்கவேண்டும் என்பது விதி. டப்பா மட்டுமே ஒரு கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். ‘இந்தப் பாரம் ஏன்?’ என்று முணுமுணுப்போர் உண்டு. மனிதச் சோற்றின் ருசி கண்ட கரடி மனிதரைத் தேடி வரத் தொடங்கும். கடைசியில் அந்தக் கரடியையே சுட நேரிடும். டப்பா காப்பது சோற்றை மட்டுமன்று.

கரையில் கட்டைகள் குவிந்து கிடக்கின்றனவே, தீ மூட்டிச் சமைக்கலாம் என்று எண்ணுவதும் தவறு. பனியில் ஊறிய கட்டை எளிதில் பற்றாது. கோடையில் நெருப்பு மூட்டத் தடை வருவதும் வழக்கம். சிறிய காஸ் ஸ்டவ்வும் ஒரு பாத்திரமும் போதும். ஓடைத் தண்ணீர் ஏராளம்; வடிகட்டும் கருவி வேண்டும்.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கலாம். இருவர் பங்கிட்டுக்கொள்ளும் கூடாரத்தில் ஒருவர் பங்கு 1 கிலோ, படுக்கைப் பை 1.2, பாய் 0.5, முதுகுப்பை 1.5, கரடி டப்பா 1.2, ஸ்டவ் முதலியன 0.8, மழைக்கோட்டு முதலியன 0.7, கம்பளி உடைகள் 1.2, விளக்கு, மருந்து, படம், வடிகட்டி 0.8, உணவு 2.5, தண்ணீர் 1.5; ஆக 12.9 கிலோ. மூட்டை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாதிருப்பது நலம் என்பது நடைப்பயணிகளின் பழைய வழக்கு. 65 கிலோ எடையுள்ளவருக்கு இது சரியாகப் பொருந்துகிறது. அதாவது, உயிர் காக்கும் எதையும் விடாமலே பாரத்தை அடக்க முடியும். ஆடம்பரத்துக்குத்தான் இடம் இல்லை.

விலையா, விவேகமா?

கடைகளில் ‘கோடைக்கு ஏற்றது’ என்று அச்சிட்ட சீட்டைப் பார்த்து வாங்குவது இந்தக் கரைக்கு உதவாது. சாமானை நாட்காட்டியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாகாது. போகும் இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்காகக் கைப்பணம் அனைத்தையும் கொட்டவேண்டும் என்பதும் இல்லை. கரடி டப்பாவும் கூடாரமும் வாடகைக்குக் கிடைக்கின்றன. படுக்கைப் பையை நண்பரிடம் இரவல் வாங்கலாம். பழைய கம்பளிச் சட்டை புதியதைப் போலவே சூடு தரும். பணம் செலவிட வேண்டிய இடங்கள் இரண்டே: நல்ல மழைக்கோட்டு, காலுக்குப் பொருந்திய பூட்ஸ்.

புறப்படும் முன் வீட்டுத் தோட்டத்திலோ அருகிலுள்ள பூங்காவிலோ ஓர் இரவு அதே சாமான்களோடு தங்கிப் பார்ப்பது எந்தக் கடைக்காரர் யோசனையையும்விட மேலானது. முளை நிற்கவில்லை, ஸ்டவ் பற்றவில்லை, தோள் வார் அறுக்கிறது என்பதெல்லாம் வீட்டருகே தெரிந்தால் சிரிப்பு. கரையில் தெரிந்தால் அழுகை. பயணக் குழு நடத்தும் சங்கங்கள் இந்தச் சோதனை இரவைக் கட்டாயமாக்கினால் பெரிய புண்ணியம்.

கடைசியாக ஒன்று. உணவுக் கணக்கில் மேற்கொண்டு ஒரு நேரச் சோற்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அது பசிக்காக மட்டும் அன்று, பொறுமைக்காக. பாறைச் சுவரின் வாயிலில் வந்து நிற்கிறார் ஒருவர். பனி கவிந்திருக்கிறது, அலை உயர்கிறது, அட்டவணை ‘இப்போது வேண்டாம்’ என்கிறது. பையில் சோறும் உலர்ந்த உடையும் இருந்தால் அவர் கூடாரத்தை அடித்து, வெந்நீர் வைத்து, அடுத்த இறக்கம்வரை நிம்மதியாக உட்காருவார். இல்லாதவர் ‘ஓடிக் கடந்துவிடலாம்’ என்று துணிவார். அந்தக் கரையில் மனிதர் உயிர் போவதும் நிற்பதும் பெரும்பாலும் இந்தத் தீர்மானத்தில்தான். அதை அவர் எடுப்பது அலையின் முன்னால் அன்று. மூன்று நாள் முன்பு, வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து மூட்டை கட்டியபோதே எடுத்துவிட்டார்.